மயக்கத்தின் பாட்டும் தெளிந்த கைகளும்

கல்லூரி மேடைகளிலும் மொட்டைமாடி அறைகளிலும் ராக் வாசிக்கும் தம்பி தங்கைகளுக்கு,



உங்கள் ஒத்திகைகளில் ஒரு பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. சைக்கடெலிக் ராக் போதையில் பிறந்த இசை. அதை உண்மையாக வாசிக்க வேண்டுமென்றால் ஒருமுறையாவது அந்தப் பக்கம் போய்வர வேண்டும் என்ற பேச்சு. அதற்குச் சாட்சியாக நீங்கள் எடுத்து வைக்கும் பாட்டுகளில் முதல் வரிசையில் நிற்பது பீட்டில்ஸின் ‘டுமாரோ நெவர் நோஸ்’. எனக்கும் மிகவும் பிடித்த பாட்டு அது. அதனால்தான் இந்த மடல்.

அந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது, எப்படிப் பதிவானது என்பதை முதலிலிருந்து கடைசிவரை சொல்கிறேன். முழுக் கதையையும் கேட்டால், நீங்கள் அழைத்து வந்த சாட்சி உங்கள் கட்சிக்கு எதிராகவே பேசும் என்பது என் நம்பிக்கை. போதை அந்தப் பாட்டுக்கு ஒரு கேள்வியைத் தந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பதில் வந்தது டை கட்டி, தேநீர் குடித்து, கையில் பென்சிலோடு நின்ற மனிதர்களிடமிருந்து.

பாட்டை இன்னொருமுறை ஓடவிட்டுக் கேளுங்கள். மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. முதலில் தம்புராவின் ரீங்காரம் மெல்ல எழுகிறது. சட்டென்று டிரம்ஸ் இறங்குகிறது. கடைசிவரை அதே அடி, இம்மியும் மாறாமல். மேலே கடற்பறவைகள் கூட்டமாகக் கத்துவதுபோல ஏதோ பறந்து போகிறது. பின்னோக்கி ஓடும் கிட்டார் ஒன்று குறுக்கே வருகிறது. பாடும் குரல் பாதி தூரம் நம் பக்கத்தில் இருந்துவிட்டு, பிற்பாதியில் எங்கோ எட்டாத இடத்துக்குப் போய்விடுகிறது. 1966 ஆகஸ்ட் 5 அன்று பிரிட்டனில் வெளியான ‘ரிவால்வர்’ தொகுப்பின் கடைசிப் பாட்டு இது. ஆனால் அந்தத் தொகுப்புக்காக அவர்கள் முதலில் கையில் எடுத்ததே இதைத்தான். ஏப்ரல் 6 அன்று இரவு, லண்டன் அபே ரோட்டில் உள்ள ஈ.எம்.ஐ. ஸ்டுடியோவில் வேலை தொடங்கியபோது இதற்குப் பெயர்கூட இல்லை. டேப் பெட்டியில் ‘மார்க் ஒன்’ என்று எழுதி வைத்தார்கள். இப்போதைய தலைப்பு, 1964-ல் ஒரு பேட்டியில் ரிங்கோ ஸ்டார் போகிறபோக்கில் உதிர்த்த வார்த்தை. பாட்டின் கனமான பொருளைக் கொஞ்சம் இலகுவாக்கட்டுமே என்று ஜான் லெனன் அதை எடுத்து வைத்துக்கொண்டார்.

சரி, பொருள் எங்கிருந்து வந்தது?

1965-ல் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் தங்கள் மனைவியரோடு ஒரு விருந்துக்குப் போனார்கள். அழைத்தவர் ஒரு பல் மருத்துவர். அவர் யாரிடமும் சொல்லாமல் காபியில் எல்.எஸ்.டி. கலந்து கொடுத்துவிட்டார். அதுதான் அவர்களுக்கு முதல் அனுபவம். அன்று அந்த மருந்துக்குப் பிரிட்டனில் சட்டத் தடை இல்லை. தடை வந்தது 1966-ல், ‘ரிவால்வர்’ வெளியான பிறகு. கேட்காமலே கொடுக்கப்பட்ட அந்த ஒரு கோப்பைக்குப் பிறகு லெனன் அதைத் தானே தேடிப் போனார். இதையெல்லாம் நான் மூடி மறைக்கப் போவதில்லை. பாட்டின் வித்தில் அந்த மருந்து இருக்கிறது.

ஆனால் வித்து முளைவிட்டது ஒரு புத்தகக் கடையில். இண்டிகா என்ற பெயரில் லண்டனில் அப்போதுதான் திறந்த சின்னக் கடை அது. நடத்தியவர்களில் ஒருவர் பாரி மைல்ஸ். லெனன் அங்கே போய் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் நீட்சேயின் நூலைக் கேட்டார். அலமாரியைத் துழாவியபோது வேறொரு புத்தகம் கையில் அகப்பட்டது. அமெரிக்கர்களான திமோதி லியரி, ரால்ஃப் மெட்ஸ்னர், ரிச்சர்ட் ஆல்பர்ட் ஆகிய மூவரும் எழுதி 1964-ல் வெளியிட்ட ‘தி சைக்கடெலிக் எக்ஸ்பீரியன்ஸ்’. திபெத்தியர்களின் ‘பார்தோ தோடோல்’ என்ற பழைய நூலை அவர்கள் தங்கள் தேவைக்கு ஏற்ப மாற்றி எழுதியிருந்தார்கள். திபெத்தில் அந்த நூலை இறந்தவரின் அருகே அமர்ந்து வாசிப்பார்கள். ஓர் உடலை விட்டு அடுத்த பிறவிக்குப் போகும் வழியில் உயிர் அஞ்சிவிடாமல், தடுமாறிவிடாமல் இருக்க வழிகாட்டும் சொற்கள் அவை. அஞ்சாதே, பற்றாதே, எதிரே தெரிவதெல்லாம் உன் மனத்தின் தோற்றமே என்று சொல்லிக்கொண்டே போகும். லியரியும் மற்ற இருவரும் அந்தச் சாவை ‘நான்’ என்ற எண்ணத்தின் சாவாக மாற்றி, எல்.எஸ்.டி. எடுப்பவருக்கான கையேடாக ஆக்கினார்கள். அவர்கள் முன்னுரையில் எழுதிய ஒரு வாசகத்தை ஏறக்குறைய அப்படியே எடுத்துத்தான் லெனன் பாட்டைத் தொடங்குகிறார்.

இங்கே ஒரு கணம் நில்லுங்கள். சொற்கள் வந்தது படிப்பிலிருந்து. நூற்றாண்டுகளாக லாமாக்கள் ஓதி வந்த ஒரு நூல், ஆங்கிலத்துக்கு வந்து, அமெரிக்க உளவியலாளர்கள் கையில் உருமாறி, ஒரு கடையின் அலமாரி வழியாக லிவர்பூல்காரர் ஒருவரிடம் வந்து சேர்ந்தது. மருந்து மட்டும் எடுத்துவிட்டு வீட்டில் படுத்திருந்தால் அந்தச் சொற்கள் அவருக்குக் கிடைத்திருக்காது. கிடைத்தபோதும் என்ன இருந்தது? சில வரிகள், ஒரு மெட்டு, அடியில் ஒரே ஒரு கார்டு. அவ்வளவுதான்.

அந்த ஒரு கார்டோடுதான் லெனன் அதை முதலில் வாசித்துக் காட்டினார். இடம், மேலாளர் பிரையன் எப்ஸ்டைனின் வீடு. எதிரே தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். லெனன் கிட்டாரில் ‘சி’ கார்டை மட்டுமே அடித்துக்கொண்டு முழுப் பாட்டையும் பாடினார். மார்ட்டின் என்ன சொல்லப் போகிறாரோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததாகப் பால் மெக்கார்ட்னி பின்னாளில் நினைவுகூர்ந்தார். மூன்று கார்டாவது இல்லாமல் ஒரு பாட்டு எப்படி நிற்கும் என்று கேட்கக்கூடிய தலைமுறையைச் சேர்ந்தவர் மார்ட்டின். ஓபோ வாசிக்கப் பயின்றவர், மேற்கத்திய சாஸ்திரிய இசை கற்றவர். அவர் மறுக்கவில்லை. ஆர்வத்தோடு கேட்டுக்கொண்டார்.

ஒரே சுருதியில் நின்றுகொண்டு மேலே உலகத்தையே எழுப்புவது நம் காதுகளுக்கு ஆச்சரியமான சங்கதி அல்ல. பிறந்ததிலிருந்து தம்புராவையும் நாதஸ்வரத்துக்கு ஒத்தையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மேற்கத்திய பாப் இசைக்கு அது புதிது. அந்தப் புதுமையை அங்கே கொண்டுவந்ததில் ஹாரிசனுக்குப் பெரும் பங்கு உண்டு. 1965 அக்டோபரில் ‘நார்வேஜியன் வுட்’ பாட்டில் சிதார் வாசித்திருந்தார். இந்தப் பாட்டுக்குத் தம்புரா எடுத்து வந்தார். லெனனின் ஒற்றைக் கார்டு வெறுமையாக ஒலிக்காமல் நிறைந்து ஒலிப்பதற்குக் காரணம், அடியில் ஓடும் அந்தச் சுருதிதான்.

மார்ட்டினைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பீட்டில்ஸ் வருவதற்கு முன்பே டேப்பை வெட்டி ஒட்டி விளையாடியவர் அவர். பீட்டர் செல்லர்ஸ் போன்ற நகைச்சுவைக் கலைஞர்களின் இசைத்தட்டுகளுக்காக விதவிதமான ஒலிகளை உண்டாக்கியிருந்தார். 1962-ல் பிபிசியின் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்போடு சேர்ந்து, ரே கேத்தோடு என்ற புனைபெயரில் மின்னணு ஒலிகளால் ஆன ஓர் இசைத்தட்டும் வெளியிட்டார். லெனன் கேட்கப்போகும் விசித்திரங்களுக்கு அவர் கை பல ஆண்டுகளாகவே பழகியிருந்தது.

இனி அந்த இரவுக்கு வருவோம். ஏப்ரல் 6, மூன்றாம் எண் ஸ்டுடியோ. மிக்சிங் மேசையில் உட்கார்ந்தவர் ஜெஃப் எமரிக். வயது 20. உங்களில் பலரைவிட ஒன்றிரண்டு வயதுதான் மூத்தவர், சிலருக்கு இளையவரும்கூட. அதுவரை பீட்டில்ஸுக்கு ஒலிப்பொறியாளராக இருந்த நார்மன் ஸ்மித் தயாரிப்பாளராகப் பதவி உயர்வு பெற்றதால் அந்த நாற்காலி இவருக்கு வந்தது. எமரிக் இதே ஸ்டுடியோவில் பதின்ம வயதில் உதவியாளராகச் சேர்ந்து, டேப் மெஷினை ஓட்டி, கேபிள் சுற்றி, மூத்தவர்களைக் கவனித்துக் கவனித்து மேலே வந்தவர். நாற்காலியில் உட்கார்ந்த முதல் இரவிலேயே அவர் முன் வந்து விழுந்தது இந்தப் பாட்டு.

முதலில் டிரம்ஸ். ஈ.எம்.ஐ.யில் மைக்குகளை எங்கே, எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்பதற்கெல்லாம் அப்போது விதி இருந்தது. பேஸ் டிரம்முக்கு மிக நெருக்கமாக வைக்கக் கூடாது. காற்றின் வேகத்தில் மைக் பழுதாகிவிடும். எமரிக் அந்த மைக்கைச் சில அங்குல தூரத்துக்கு நகர்த்தினார். நால்வரும் ஒன்றாக அணிந்து படம் எடுத்துக்கொள்ள நான்கு கழுத்து வைத்துப் பின்னிய கம்பளி ஸ்வெட்டர் ஒன்று அங்கே கிடந்தது. அதை எடுத்து பேஸ் டிரம்முக்குள் திணித்தார். அதிர்வு நீளாமல் ஒவ்வொரு அடியும் குத்துப்போல விழுந்தது. பிறகு டிரம்ஸின் மொத்த ஒலியையும் ஃபேர்சைல்ட் 660 என்ற வால்வு லிமிட்டர் வழியாக அனுப்பினார். பெரிய ஒலியை அழுத்தி, சிறிய ஒலியை மேலே தூக்கிவிடும் கருவி. அடி விழுந்த கணம் நசுங்கி, அதன் பின்னால் அறையின் மூச்சு வீங்கி எழுகிறதே, அது அந்தக் கருவியின் வேலை. இன்று நீங்கள் மடிக்கணினியில் ஒரு சொடுக்கில் போட்டுக்கொள்ளும் டிரம்ஸ் கம்ப்ரஷனுக்கு மூத்த பாட்டன் அந்த இரவில் பிறந்தான்.

விதியை மீறினார் என்பதற்காக நான் எமரிக்கைப் புகழவில்லை. அந்த விதி எதற்காக இருந்தது என்பது அவருக்குத் தெரியும். எந்த மைக், எவ்வளவு தாங்கும், எங்கே கெடும் என்று தெரிந்திருந்ததால் எதை மீறலாம் என்பதும் தெரிந்தது. அந்த அறிவு தெளிந்த மூளையில்தான் சேரும். தெளிந்த மூளையில்தான் வேலையும் செய்யும்.

அந்த டிரம்ஸை வாசித்த ரிங்கோவையும் மறந்துவிடாதீர்கள். பாட்டு முழுவதும் ஒரே அடி. கேட்பவர் பலர் அது டேப்பைச் சுற்றவிட்டு எடுத்தது என்றே நினைக்கிறார்கள். ஒரு மனிதர் உட்கார்ந்து, அழுத்தமும் இடைவெளியும் மாறாமல், உச்சத்துக்குப் போக வேண்டும் என்ற ஆசையை அடக்கிக்கொண்டு வாசித்தது அது. ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இரண்டாம் நிமிடத்தில் உங்கள் கை ஏதாவது அலங்காரம் செய்யத் துடிக்கும். அந்தத் துடிப்பை அடக்கியதுதான் அவர் செய்த பெரிய வேலை.

அடுத்தது குரல். லெனன் சொன்ன கோரிக்கை இசை உலகில் பிரபலமானது: தலாய் லாமா மலை உச்சியில் நின்று ஓதுவதுபோல என் குரல் கேட்க வேண்டும். பின்னால் ஆயிரக்கணக்கான துறவிகள் ஓத வேண்டும் என்றும் ஆசைப்பட்டார். என்னைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுச் சுற்றிவிடுங்கள், மைக்கைச் சுற்றி வந்துகொண்டே பாடுகிறேன் என்றும் யோசனை சொன்னார். மருந்து தந்த காட்சி அத்தனையும் இந்தக் கோரிக்கைக்குள் இருக்கிறது. ஒலி மட்டும் அதில் இல்லை.

எமரிக் அதைத் தலைகீழாக யோசித்தார். பாடுகிறவர் ஏன் சுற்ற வேண்டும்? ஒலிபெருக்கி சுற்றட்டுமே. ஹேமண்ட் ஆர்கனோடு வரும் லெஸ்லி ஒலிபெருக்கி ஸ்டுடியோவில் இருந்தது. மரப்பெட்டிக்குள் ஒலி வெளிப்படும் பகுதி மோட்டாரில் சுழலும். நம் பக்கம் திரும்பும்போது சுருதி ஒரு நூல் ஏறும், விலகும்போது இறங்கும். ஒலி நடுங்கிக்கொண்டே நெருங்கும், அகலும். அதில் ஆர்கனைத் தவிர வேறெதுவும் வாசிப்பது வழக்கம் இல்லை. தொழில்நுட்பப் பிரிவிலிருந்த கென் டவுன்செண்டின் உதவியோடு உள்ளே இருந்த இணைப்பைப் பிரித்து, ஆர்கனுக்குப் பதிலாக லெனனின் குரலை அதில் செலுத்தினார்கள். பெட்டிக்கு முன் மைக் வைத்து, வெளியே வந்ததைப் பதிவு செய்தார்கள். பாட்டின் பிற்பாதியில் குரல் எங்கோ போய்விடுகிறது என்றேனே, போன இடம் அந்த மரப்பெட்டிதான்.

முற்பாதியிலும் டவுன்செண்டின் மூளை இருக்கிறது. ஒரே வரியை இரண்டுமுறை பாடி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் குரலுக்குத் தடிமன் கிடைக்கும். ஆனால் லெனனுக்கு அப்படித் திரும்பத் திரும்பப் பாடுவது அறவே பிடிக்காது. டவுன்செண்ட் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பதிவான குரலை இரண்டாவது டேப் மெஷினுக்கு அனுப்பி, அதன் வேகத்தைச் சற்றே கூட்டிக் குறைத்து, நொடியில் மிகச் சிறிய பங்கு தாமதத்தோடு மூலக் குரலோடு சேர்த்தார். ஒருமுறை பாடினால் போதும், இரண்டு குரலாகக் கேட்கும். ஏ.டி.டி. என்று பெயர் பெற்ற அந்த உத்தி உலகத்தின் ஸ்டுடியோக்கள் எல்லாவற்றுக்கும் பரவியது. ஒரு பாடகரின் அலுப்பைத் தீர்க்க ஓர் ஊழியர் யோசித்ததில் வந்தது அது.

இப்போது மறுநாளுக்கு வருவோம். ஏப்ரல் 7. இந்தப் பாட்டிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

மெக்கார்ட்னி அந்த நாட்களில் ஜெர்மானிய இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனின் ‘கெசாங் டெர் யூங்லிங்க’ என்ற படைப்பை விரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். 1956-ல் கொலோன் வானொலியின் மின்னணு இசைக்கூடத்தில் ஒரு சிறுவனின் குரலையும் மின்னொலிகளையும் பின்னி உருவாக்கிய இசை அது. அதற்கும் முன்னால், 1948-ல், பாரிஸ் வானொலியில் பொறியாளராக இருந்த பியர் ஷேஃபர், ரயில் ஓசை முதலான அன்றாட ஒலிகளை இசைத்தட்டில் பதிந்து அடுக்கி இசை செய்திருந்தார். இந்தப் பரம்பரையைக் கவனியுங்கள். வானொலி நிலையங்களில், பகல் வெளிச்சத்தில், கத்திரியும் அளவுகோலும் வைத்துக்கொண்டு உழைத்தவர்களின் பரம்பரை. ‘சைக்கடெலிக்’ என்று நீங்கள் கொண்டாடும் ஒலிகளில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வருகின்றன.

மெக்கார்ட்னி தன் வீட்டில் இருந்த பிரெனல் டேப் மெஷினில், பழைய ஒலியை அழிக்கும் பகுதியை மட்டும் செயலிழக்கச் செய்தார். ஒரு துண்டு டேப்பின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி ஓடவிட்டார். அது ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் புதிய ஒலி பழைய ஒலியின் மேலேயே படிந்துகொண்டு போகும். இப்படிச் செய்த வளையங்களை ஒரு பையில் போட்டு ஸ்டுடியோவுக்கு எடுத்து வந்தார். அவற்றை நேராகவும் பின்னோக்கியும், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டிக் கேட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்து வளையங்கள் பாட்டில் இடம்பெற்றன. அந்தக் கடற்பறவைக் கூச்சல் அதில் ஒன்று. பறவை எதுவும் அதில் இல்லை, வேகம் மாற்றி ஓட்டிய டேப்தான். ஆர்கெஸ்ட்ராவின் ஒற்றைக் கார்டு ஒன்று, மெல்லட்ரான் என்ற வாத்தியத்தின் ஒலி என்று மற்றவை.

ஐந்து வளையங்களை ஒரே நேரத்தில் ஓட்ட ஐந்து மெஷின்கள் வேண்டும். ஓர் அறையில் அத்தனை கிடையாது. எனவே கட்டடத்தின் வெவ்வேறு அறைகளில் இருந்த மெஷின்களைப் பயன்படுத்தி, அங்கிருந்தெல்லாம் கேபிள் இழுத்து மிக்சிங் மேசைக்குக் கொண்டுவந்தார்கள். இன்னொரு சிக்கல்: ஸ்டுடியோ டேப் நொடிக்கு 15 அங்குலம் ஓடும். நான்கு நொடி ஒலி வேண்டுமென்றால் வளையம் 60 அங்குலம், அதாவது ஒன்றரை மீட்டர் நீளம். மெஷினில் அதற்கு இடம் ஏது? யாராவது ஒருவர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, பென்சிலை வளையத்துக்குள் விட்டு இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மாவு மில்லில் சக்கரத்தின் மேல் பெல்ட் ஓடுமே, அப்படி டேப் அந்தப் பென்சிலின் மேல் ஓடிக்கொண்டே இருந்தது. இறுக்கிப் பிடித்தால் டேப் திணறும், தளரவிட்டால் சிக்கும். வெள்ளைக் கோட்டு அணிந்த ஈ.எம்.ஐ. ஊழியர்கள் அறைக்கு ஒருவராக நின்று அப்படிப் பிடித்தார்கள்.

மேசையில் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு ஃபேடர். எல்லா வளையங்களும் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்க, எந்த ஒலியை எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்று பாட்டைக் கேட்டுக்கொண்டே கைகளால் முடிவு செய்தார்கள். மிக்சிங் மேசையையே ஒரு வாத்தியமாக வாசித்தார்கள். மொத்தம் நான்கு டிராக் மட்டுமே இருந்த டேப்பில் அந்தக் கலவை உடனுக்குடன் பதிவானது. பிறகு பிரித்து மாற்ற வழியே இல்லை. இதைப்போல இன்னொன்றைத் திரும்பச் செய்யவே முடியாது என்று மார்ட்டின் பின்னாளில் பெருமையோடு சொன்னார். வளையங்கள் எந்தக் கணத்தில் எந்தப் புள்ளியில் இருந்தன என்பது அந்த ஒரு முறைக்கு மட்டுமே உரியது.

யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு மயக்கமாகக் கேட்கும் அந்தக் கலவையில் எத்தனை பேருடைய கவனம் சேர்ந்திருக்கிறது! ஒரே ஓர் ஊழியர் பென்சிலைத் தளரவிட்டிருந்தால், ஒரு ஃபேடர் அரை நொடி பிந்தியிருந்தால், அந்தப் பாட்டு வேறொன்றாகியிருக்கும். பென்சில் பிடித்தவர்களின் பெயர்கள் இசைத்தட்டின் உறையில் இல்லை.

ஒரு செய்தியை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். லெனனுக்கு இறுதி வடிவம் முழுத் திருப்தி தரவில்லை. ஆயிரம் துறவிகளின் ஓதல் வராமல் போனதைப் பின்னால் குறையாகச் சொன்னார். அவருடைய மனக்காட்சி அப்படியே பாட்டாகிவிடவில்லை. காட்சி ஒன்றாக இருந்தது. கருவிகளும் கைகளும் தந்தது வேறொன்றாக இருந்தது. அறுபது ஆண்டுகளாக நாம் கேட்டு வியப்பது அந்த வேறொன்றைத்தான்.

போதையே நேராக ஸ்டுடியோவுக்குள் வந்த இரவும் ஒன்று உண்டு. 1967 மார்ச் 21. ‘கெட்டிங் பெட்டர்’ பாட்டுக்குக் குரல் பதிவு. வேறு மாத்திரை என்று நினைத்து லெனன் தவறுதலாக எல்.எஸ்.டி.யை விழுங்கிவிட்டார். பாட முடியவில்லை. என்ன நடந்தது என்று அறியாத மார்ட்டின், வாசலில் ரசிகர்கள் கூட்டம் நின்றதால், காற்று வாங்கட்டும் என்று அவரை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனார். மாடியில் தடுப்புச் சுவர் உயரம் கிடையாது. லெனன் எந்த நிலையில் அங்கே நிற்கிறார் என்பதை உணர்ந்த ஹாரிசனும் மெக்கார்ட்னியும் பதறிப்போய் மேலே ஓடி அவரைக் கீழே அழைத்து வந்தார்கள். அவருடைய பாட்டு அன்றைக்கு அத்தோடு முடிந்தது. அந்த யுகத்தின் மிகப் பெரிய சைக்கடெலிக் தொகுப்பை உருவாக்கிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த மருந்து ஸ்டுடியோவுக்குள் செய்தது இதுதான்: பாட்டை நிறுத்தியது. போதையில் வாசித்ததெல்லாம் மறுநாள் கேட்கும்போது மோசமாக இருந்தது என்று ரிங்கோவும் பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

அதே 1967-ல், அதே கட்டடத்தில், அதே நார்மன் ஸ்மித்தைத் தயாரிப்பாளராகக் கொண்டு பிங்க் ஃபிளாய்ட் தங்கள் முதல் தொகுப்பைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். பாட்டெழுதி, பாடி, கிட்டார் வாசித்துக் குழுவை முன்நடத்தியவர் சிட் பாரெட். அந்தத் தொகுப்பைக் கேட்டால் இவர் இன்னும் என்னென்ன செய்திருப்பார் என்று மனம் ஏங்கும். எல்.எஸ்.டி.யை அளவில்லாமல் எடுத்துக்கொண்டார், மனமும் நோயுற்றது. மேடையில் கிட்டாரைப் பிடித்தபடி வாசிக்காமல் நின்றார். 1968-ல் தான் கட்டிய குழுவிலிருந்தே வெளியேற நேர்ந்தது. பிறகு இரண்டு தனித் தொகுப்புகள். காலப்போக்கில் இசையிலிருந்து முற்றிலும் விலகி, 2006-ல் கேம்பிரிட்ஜில் இறந்தார். அவருடைய நோய்க்கு மருந்து மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மருந்து அவருடைய பாட்டுகளை எழுதித் தரவில்லை என்பது உறுதி. அவற்றை எழுதிய மனிதரை நாம் சீக்கிரமே இழந்துவிட்டோம்.

அதனால், தம்பி தங்கைகளே, இந்தப் பாட்டிடமிருந்து ஒன்றைக் கடன் வாங்க வேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டால் லெனனின் கோரிக்கையை வாங்குங்கள். மலை உச்சியில் ஓதும் குரல் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்ட துணிச்சலை வாங்குங்கள். உங்கள் கனவில், வாசிப்பில், துக்கத்தில், ஊர்த் திருவிழாவின் இரைச்சலில் இதற்கு இணையான கோரிக்கைகள் கிடைக்கும். கேட்டதும் சிரித்துவிடாமல் அதை ஒரு வேலையாக எடுத்துக்கொள்ளும் ஒருவரை ஒலிப்பதிவுக்குத் தேடிக்கொள்ளுங்கள். உங்கள் குழுவில் அப்படி ஒருவர் ஏற்கெனவே இருக்கலாம். மேடைக்குப் பக்கத்தில் கேபிளைச் சரிபார்த்துக்கொண்டு நிற்பவராக, யாரும் படம் எடுக்காதவராக.

கையில் இருக்கும் கருவியை அடிமுதல் நுனிவரை தெரிந்துகொள்ளுங்கள். எமரிக்கின் மேசையில் இருந்ததைவிடப் பல மடங்கு வசதி இன்று உங்கள் மடிக்கணினியில் இருக்கிறது. லெஸ்லியும் ஃபேர்சைல்டும் ஏ.டி.டி.யும் அதற்குள் மென்பொருளாகவே இருக்கின்றன. அவை ஏன் உண்டாயின, யாருடைய எந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தன என்று தெரிந்து பயன்படுத்தினால், உங்கள் சிக்கலுக்கு நீங்களே புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பீர்கள். முடிவெடுக்க வேண்டிய இடத்தில் முடிவெடுங்கள். ஏப்ரல் 7 அன்று ஃபேடர்களைப் பிடித்திருந்த கைகளுக்கு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வழியில்லை. அந்தத் தீர்மானம்தான் பாட்டுக்குள் இன்னும் உயிராகக் கேட்கிறது. உங்களில் யாராவது இந்தப் பேச்சை நம்பி அந்த மருந்தின் பக்கம் போய், மீள முடியாமல் தவித்தால் கூச்சப்படாமல் நண்பரிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள். நண்பர்கள் சிரிக்காமல் கூடவே நில்லுங்கள். பாட்டைவிட அதைப் பாடுகிறவர் முக்கியம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை மேடையில் ‘டுமாரோ நெவர் நோஸ்’ வாசிப்பதற்கு முன் ஓர் அரை நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். லெனனின் பெயரோடு எமரிக், டவுன்செண்ட், மார்ட்டின் பெயர்களையும் சொல்லுங்கள். பென்சில் பிடித்து நின்ற ஊழியர்களையும் சொல்லுங்கள். பிறகு உங்கள் சொந்தக் குழுவின் ஒலிப்பொறியாளரை மேடைக்கு அழைத்து, அவர் பெயரைச் சத்தமாக அறிவியுங்கள். அதன்பின் வாசியுங்கள், கூட்டத்தில் நானும் இருந்து கேட்பேன்.

அன்புடன்,
உங்கள் கச்சேரிகளைத் தவறவிடாத ஒரு ரசிகர்